பெயரும் அளவும்

“விஞ்ஞானம் படிக்கிற நீ, கார்க் கொட்டகையில் கையெல்லாம் எண்ணெயாக உட்கார்ந்திருக்கிறாயே, இது உனக்கு ஏற்ற வேலையா?” என்று சங்கத்து நண்பர் ஒருவர் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு கருத்து ஒளிந்திருந்தது. ஆய்வுக்கூடம் வேறு, பட்டறை வேறு. முன்னது படித்தவனுக்கு, பின்னது மற்றவனுக்கு என்னும் கருத்து அது. நம்மில் பலருக்கும் அந்த எண்ணம் உண்டு. அதற்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். அந்த விடை எனக்குப் பெருமை சேர்ப்பதன்று என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெஹாலாவில் நான் குடியிருக்கும் வீடு, சௌராஸ்தாவிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது. முன்பு டிராம் ஓடிய டயமண்ட் ஹார்பர் சாலையில் இப்போது தலைக்கு மேலே மெட்ரோ ஓடுகிறது. சந்துக்குள் நுழைந்துவிட்டால் அந்த ஓசை கேட்பதில்லை. வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற எழுத்தர். அவரைக் காக்கு என்றும், அவர் மனைவியைக் காக்கிமா என்றும் அழைக்கிறேன். அவர் என்னைப் ‘பாபா’ என்பார். வங்காளத்துப் பெரியவர்கள் பிள்ளைகளைச் செல்லமாக அழைப்பது அப்படித்தான். கோயம்புத்தூரிலிருந்து வந்த புதிதில், எழுபது வயதுக் கிழவர் என்னை அப்பா என்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

காக்குவுக்கு இடது முழங்கால் மடங்காது. கிளட்சை மிதிக்க அவரால் இயலாது. அதனால் ஆட்டோமேட்டிக் கியர் உள்ள பழைய சிறு கார் ஒன்றைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறார். மூன்று கியர் கொண்ட வண்டி. காக்கிமாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் இரு நாள் டயாலிசிஸ் செய்ய மருத்துவமனைக்குப் போக வேண்டும். முடிந்து திரும்பும்போது அவருக்குத் தலை நிமிர்ந்து உட்காரவும் வலு இராது. அந்தக் கார் ஆடம்பரத்துக்கு இருந்ததில்லை.

2024ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அந்தக் கார் படுத்துவிட்டது. முதல் கியர் சரி, இரண்டாவது சரி. மூன்றாவதுக்கு மாறும்போது எஞ்சின் மட்டும் உறுமும்; வண்டி விரையாது. ரிவர்சில் போட்டால் நெடுநேரம் யோசித்துவிட்டுப் பிறகுதான் நகரும். இரண்டு பட்டறைகளில் காட்டினோம். பிரித்துப் பார்க்க இருவரும் இசையவில்லை. பெட்டியையே மாற்ற வேண்டும் என்றார்கள். கேட்ட விலைக்கு அதே போன்ற காரையே வாங்கிவிடலாம். காக்கு ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்தார். “நாமே பிரித்துப் பார்த்தால் என்ன?” என்று சொன்னவன் நான். அதை நான் மறைக்கலாகாது.

ஆட்டோமேட்டிக் கியர்ப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதை அறியாத நண்பர்களுக்காக இரண்டு சொல். எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவே டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது. அதற்குள் சுழலும் எண்ணெய்தான் எஞ்சினின் விசையைப் பின்னுக்குக் கொடுக்கிறது. அதற்கு அப்பால் கோள் சக்கரத் தொகுதி. நடுவே சூரியச் சக்கரம், அதைச் சுற்றி வரும் கோள் சக்கரங்கள், எல்லாவற்றுக்கும் வெளியே உட்புறம் பல் வைத்த வளையம். இம்மூன்றில் எதைப் பிடித்து நிறுத்துகிறோம், எதை எதனோடு சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்துக் கியர் மாறும். சேர்க்கும் வேலை கிளட்சுகளுடையது. ஒரு கிண்ணத்துக்குள் உராய்வுத் தட்டும் ஸ்டீல் தட்டும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். பின்னால் ஒரு பிஸ்டன். எண்ணெய் அழுத்தம் வந்தால் பிஸ்டன் நகர்ந்து அடுக்கை இறுக்கும்; அழுத்தம் நீங்கினால் ஸ்பிரிங் அதைப் பின்னுக்குத் தள்ளும். தளர்ந்த நிலையில் அடுக்கில் இருக்க வேண்டிய இடைவெளி மிகச் சிறிது. ஓர் உராய்வுத் தட்டுக்குச் சுமார் கால் மில்லிமீட்டர் என்பது பட்டறைகளில் வழங்கும் பொதுக் கணக்கு. எங்கள் பெட்டியில் மூன்று உராய்வுத் தட்டுகள். ஆகவே முக்கால் மில்லிமீட்டர்.

இந்த வகை மூன்று கியர்ப் பெட்டிகள் பலவற்றில் மூன்றாவது கியரும் ரிவர்சும் ஒரே கிளட்சை நம்பி நிற்கின்றன. முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் அதனிடம் வேலை இல்லை. கெட்டவை மூன்றாவதும் ரிவர்சும். நல்லவை முதலாவதும் இரண்டாவதும். அப்படியானால் குற்றவாளி யார் என்று சொல்ல மிஸ்திரி வேண்டியதில்லை. பெட்டியைத் திறப்பதற்கு முன்பே காகிதத்தில் கட்டம் போட்டு இதைக் கண்டுபிடித்தேன். அன்று எனக்கு இருந்த பெருமிதத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சந்து முனையில் இருக்கும் மிஸ்திரி துணைக்கு வந்தார். கைக்கியர்ப் பெட்டிகளிலேயே வாழ்நாளைக் கழித்தவர்; ஆட்டோமேட்டிக்கைத் தொட்டதில்லை என்று அவரே சொன்னார். மூன்று நாள் முயன்று பெட்டியை இறக்கினோம். நான் சொன்ன கிளட்சின் உராய்வுத் தட்டுகள் கரிந்து வழுவழுப்பாகி இருந்தன. ஸ்டீல் தட்டுகளில் நீலம் பாய்ந்திருந்தது. பிஸ்டன் ஸ்பிரிங்கை அமுக்கிப் பூட்டு வளையத்தைக் கழற்றும்போது, அந்த வளையம் என் காதோரமாகப் பறந்து சுவரில் மோதியது. வீட்டில் இதைச் செய்ய நினைப்பவர்கள் கண்ணுக்குக் கண்ணாடி அணியாமல் தொட வேண்டாம். அது விளையாட்டன்று.

மறுநாள் மல்லிக் பஜாருக்குப் போனேன். பார்க் தெருவும் ஆச்சார்ய ஜகதீச சந்திர போஸ் சாலையும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் பழைய மோட்டார் உறுப்புச் சந்தை அது. காரின் பெயரைச் சொன்னேன், ஆண்டைச் சொன்னேன். “உராய்வுத் தட்டு மூன்று, ஸ்டீல் தட்டு மூன்று” என்று கேட்டேன். கேட்டதைக் கேட்டபடி எடுத்துக் கொடுத்தார் கடைக்காரர். பற்களை எண்ணினேன், சரியாக இருந்தது. கிண்ணத்துக்குள் போட்டுப் பார்த்தோம், அழகாக உட்கார்ந்தது. அதற்குள் பழைய தட்டுகளை வாசலில் வந்த பிக்ரிவாலாவிடம் மற்றக் கழிவு இரும்போடு எடைக்குப் போட்டாகிவிட்டது.

பெட்டியை ஏற்றி, புதிய எண்ணெய் விட்டு, முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி வைத்து எஞ்சினை ஓட்டினோம். ரிவர்சில் போட்டதும் சக்கரங்கள் பின்னோக்கிச் சுழன்றன. மிஸ்திரி என் முதுகில் தட்டினார். காக்கு இனிப்பு வாங்கி வரச் சொன்னார். பாரமில்லாத சக்கரத்தைச் சுழற்ற வழுக்குகிற கிளட்சே போதும் என்பது எனக்குத் தெரியாதா? உராய்வைப் பற்றி எத்தனை தேர்வு எழுதியிருக்கிறேன்! ஆனால் அன்று அது நினைவுக்கு வரவில்லை.

அடுத்த நாள் காலை காக்கிமாவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். சந்திலிருந்து முன்னோக்கி நன்றாகவே வந்தது. சந்து முனையில் எதிரே ஒரு சரக்கு வண்டி நின்றது. சற்றுப் பின்னால் போக வேண்டும். காக்கு ரிவர்சில் போட்டார். எஞ்சின் உறுமியது. கார் நகரவில்லை. பின்னால் ரிக்ஷாக்கள், முன்னால் சரக்கு வண்டி, மேலே மழை. எல்லாரும் மணியடித்தார்கள்; சிலர் திட்டினார்கள். நானும் மிஸ்திரியும் தள்ளினோம். காக்கிமா குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கிச் சாலை வரை நடந்து போய் டாக்சியில் ஏறினார். ஏறும்போது என்னைப் பார்த்து, “ஜுரம் வந்துவிடும், தலையைத் துவட்டிக்கொள்” என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திராது.

அன்று இரவு ஊருக்குப் பேசினேன். என் தந்தை கோவையில் லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

“புதுத் தட்டு எத்தனை கனம்னு அளந்தியா கண்ணு?”

“அளக்கலீங்கப்பா.”

“பழசு?”

“அதை எடைக்குப் போட்டுட்டோமுங்க.”

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “கேள்வித்தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு விடை எழுத உட்கார்ந்திருக்கறே” என்றார்.

நண்பர்களே, பி.எஸ்ஸி. முதலாண்டில் நாம் செய்த முதல் சோதனை எது? திருகு அளவியால் ஒரு கம்பியின் விட்டத்தை அளப்பது அன்றோ? ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை பார்த்து, ஆறு இடத்தில் அளந்து, சுழிப் பிழை கழித்து, சராசரி எடுத்து, நோட்டில் கட்டம் போட்டு எழுதினோம். அந்தக் கம்பியின் விட்டம் யாருக்கு வேண்டியிருந்தது? ஒருவருக்கும் வேண்டியிருக்கவில்லை. அது மதிப்பெண்ணுக்கு. உண்மையிலேயே ஒரு மனிதருக்கு ஒரு கனம் தேவைப்பட்டபோது, பற்களை எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்தியடைந்தேன். என் படிப்பின் மீது நான் வைக்கும் குற்றச்சாட்டு இதுதான். அளக்கக் கற்றுக்கொடுத்தார்கள், எதை, எப்போது அளக்க வேண்டும் என்பதை நாமும் கேட்கவில்லை.

ஆய்வுக்கூட உதவியாளரிடம் கெஞ்சித் திருகு அளவியை இரவல் வாங்கினேன். பெட்டியை மறுபடியும் இறக்கினோம். இம்முறை ஒழுங்காகத் தேடினோம். முதலில் கிளட்சின் எண்ணெய்த் துளையில் பங்க்சர் கடைக்காரரின் காற்றுக் குழாயை வைத்து ஊதினோம். உள்ளே ‘டொக்’ என்று பிஸ்டன் நகரும் ஓசை கேட்டது, காற்றும் கசியவில்லை. ஆகவே ரப்பர் வளையங்கள் நல்லவை. பிறகு வால்வு பாடியின் காஸ்கெட்டை, அது உட்காரும் துளைத் தகட்டின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். எந்தத் துளையும் மறைபடவில்லை. அதற்குப் பின்னரே ஃபீலர் கேஜால் அடுக்கின் இடைவெளியைப் பார்த்தோம். 1.9 மில்லிமீட்டர்! முக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய இரண்டு. பிஸ்டன் தன் ஓட்டத்தையெல்லாம் இந்த வெற்றிடத்தைக் கடப்பதிலேயே செலவழித்துவிட்டால், தட்டை இறுக்க அதனிடம் என்ன மிச்சம் இருக்கும்? புதிய ஸ்டீல் தட்டின் கனம் 1.6 மில்லிமீட்டர். ஆனால் எவ்வளவு இருந்திருக்க வேண்டும்? எங்களிடம் இருந்த உறுப்புப் பட்டியலில் படம் இருந்தது, பெயர் இருந்தது, எண் இருந்தது. கனம் மட்டும் இல்லை.

இந்தக் கட்டத்தில்தான் காக்கிமா தேநீர் கொண்டு வந்தார். கெட்டிலை அவர் எதன் மேல் வைத்தார் தெரியுமா? நீலம் பாய்ந்த ஒரு ஸ்டீல் வளையத்தின் மேல். பிக்ரிவாலா வந்த அன்று, வட்டமாக நன்றாக இருக்கிறதே, மேசை கரியாமல் இருக்கும் என்று ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாராம். கெட்டிலைத் தூக்கிவிட்டு அங்கேயே அளந்தேன். 1.98. தேய்மானத்தைக் கூட்டினால் இரண்டு. ஒரு தட்டுக்கு 0.4 குறைவு, மூன்று தட்டுக்கு 1.2. 1.9இலிருந்து 1.2ஐக் கழித்தால் 0.7. விடை கண்ணெதிரே நின்றது.

வளையத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு மல்லிக் பஜாருக்கு ஓடினேன். கடைக்காரர் அதை விரலில் உருட்டிப் பார்த்த மாத்திரத்தில், “இது மூன்று தட்டு அடுக்கு. நீங்கள் வாங்கிப் போனது நான்கு தட்டு அடுக்குக்கு உரியது” என்றார். ஒரே கிண்ணத்தை வலுக் குறைந்த எஞ்சினுக்கும் வலு மிகுந்த எஞ்சினுக்கும் பயன்படுத்துவது உற்பத்தியாளர்களின் வழக்கம். வலு மிகுந்தால் உராய்வுத் தட்டு ஒன்று கூடும். அதற்கு இடம் செய்ய ஸ்டீல் தட்டு மெலியும். நான் மாதிரியைக் கொண்டு போகவில்லை. பெயரையும் எண்ணிக்கையையும் சொன்னேன், அவர் கொடுத்தார். குற்றம் அவருடையதன்று.

நிற்க. இது என் ஒருவனுடைய பேதைமை மட்டும்தானா? இல்லை என்று வரலாறு சொல்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1939இல் வெளியிட்ட ஹைட்ராமாட்டிக் பெட்டி, பெருவாரியாக உற்பத்தி செய்யப்பட்ட முதல் முழு ஆட்டோமேட்டிக் பெட்டி. 1953 ஆகஸ்டில் மிச்சிகன் மாநிலத்து லிவோனியாவில் அதை உற்பத்தி செய்த தொழிற்சாலை எரிந்து போயிற்று. விற்பனை நிற்கக் கூடாது அல்லவா? காடிலாக்கிலும் ஓல்ட்ஸ்மொபைலிலும் ப்யூக்கின் டைனஃப்ளோ பெட்டியை வைத்தார்கள். பாண்டியாக்கில் செவ்ரோலேயின் பவர்கிளைடை வைத்தார்கள். 1953 காடிலாக்குக்கு உறுப்பு வேண்டும் என்று ஒருவர் கேட்டால், கேள்வி முழுமையாகவில்லை. வண்டிக்குப் பெயர் ஒன்று, ஆண்டு ஒன்று; உள்ளே பெட்டி இரண்டு. அதே கம்பெனி 1982இல் கொண்டு வந்த 700ஆர்4 என்னும் பெட்டியில் கன்வர்ட்டருக்குள் நுழையும் தண்டுக்கு முதலில் 27 பல். 1980களின் நடுவில் அது 30 ஆயிற்று. பெட்டியின் பெயர் மாறவில்லை. வீட்டில் பழுது பார்க்கும் அமெரிக்கர்கள் இன்றும் பல்லை எண்ணிவிட்டுத்தான் கன்வர்ட்டர் வாங்குகிறார்கள்.

அவ்வளவு தொலைவு போவானேன்? ஹூக்ளிக் கரையில் உத்தர்பாராவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசடரைப் பாருங்கள். அதன் உடல் பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வழி வந்தது. போல்ட்டுகள் அங்குலக் கணக்கு. 1990களில் அதற்குள் வந்த ஜப்பானிய இசுசு எஞ்சினோ மில்லிமீட்டர் கணக்கு. ஐந்து பதினாறாம் அங்குலம் என்றால் 7.94 மில்லிமீட்டர். பக்கத்தில் எட்டு மில்லிமீட்டர் போல்ட்டை வைத்தால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மரையின் இடைவெளி வேறு. இரண்டு சுற்று உள்ளே போகும், பிறகு சிக்கிக்கொள்ளும், வலுவாகத் திருகினால் மரை நாசம். 1841இல் விட்வொர்த் என்னும் ஆங்கிலப் பொறியியலார் ஒரே முறை வேண்டும் என்று சொன்னார். அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் அங்குல மரையில் ஒத்துப்போக 1948 ஆயிற்று. மில்லிமீட்டர் அதற்கு வெளியேதான் நின்றது.

எண்ணெயிலும் இந்த வம்பு உண்டு. ஆட்டோமேட்டிக் எண்ணெய்கள் பல சிவப்பாக இருக்கும். அது வெறும் சாயம். ஃபோர்டின் பழைய ‘டைப் எஃப்’ எண்ணெயும் ஜெனரல் மோட்டார்ஸின் ‘டெக்ஸ்ரான்’ எண்ணெயும் உராய்வில் வேறுபட்டவை. ஒன்று வெடுக்கென்று பிடிக்கும், மற்றது மெல்லப் பிடிக்கும். சிவப்பாக இருக்கிறது என்று ஊற்றியவர்கள் எத்தனை பேரோ!

ஆட்டோமேட்டிக் பெட்டியை வீட்டில் திறக்கவே கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. டார்க் கன்வர்ட்டர் எண்ணெய்ப் பம்பின் பிடியில் முழுவதும் உட்காராமல் இருக்கும்போது பெட்டியை எஞ்சினோடு போல்ட்டால் இழுத்து இறுக்கினால் பம்பு நொறுங்கிவிடும். எங்களுக்கு அது நேராதது பயத்தால்தான். இரண்டு முறையும் அரை மணி நேரம் கன்வர்ட்டரைச் சுழற்றிச் சுழற்றி உள்ளே தள்ளினோம். ஆனால் ‘திறக்காதே’ என்று சொல்பவர்கள் திறந்து பார்ப்பவருக்கு வேண்டிய அளவுகளை ஏன் வெளியிடுவதில்லை? தட்டு கெட்டால் பெட்டியை மாற்று என்கிறார்கள். காக்குவைப் போன்றவர்களுக்கு அதன் பொருள் காரை விற்றுவிடு என்பதுதான். நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. மோட்டார் வாகனங்களும் அதன் எல்லைக்குள் வந்தன. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் திறக்கப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால் சேவை நிலையத்தின் முகவரியும் உத்தரவாத விதியும் மட்டும் போதா. தட்டின் கனம், அடுக்கின் இடைவெளி, தண்டின் பல், போல்ட்டின் மரை ஆகியவற்றை உறுப்பின் பெயருக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். அதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் ஆகாது. வரைபடத்தில் ஏற்கெனவே இருக்கும் எண்கள்தாமே அவை?

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் சங்கத்தில் பௌதிகம் படிப்போர் இருக்கிறார்கள், பொறியியல் படிப்போர் இருக்கிறார்கள். திருகு அளவி ஒன்றும் வெர்னியர் ஒன்றும் சங்கத்தின் பெயரில் வாங்கி வைப்போம். யார் வீட்டில் எது பழுதானாலும், கழற்றிய பழைய உறுப்பை எறியும் முன் அளந்து ஒரு நோட்டில் எழுதுவோம். மின்விசிறியின் பேரிங் ஆகட்டும், தண்ணீர்ப் பம்பின் வாஷர் ஆகட்டும், கிளட்ச்சுத் தட்டு ஆகட்டும். தமிழிலும் எழுதலாம், வங்காளத்திலும் எழுதலாம். எண்கள் இரண்டிலும் ஒன்றே. முதற்பக்கத்தை நான் எழுதிவிட்டேன். செயற்குழு அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். நோட்டு எதற்கு, எல்லாம் கைப்பேசியில் இருக்கிறதே என்று ஒரு நண்பர் சொல்வார். நானும் தேடினேன். பெயர்கள் ஆயிரம் கிடைத்தன; கனம் கிடைக்கவில்லை.

இரண்டு மில்லிமீட்டர்த் தட்டுகளைப் போட்டபின் இடைவெளி 0.7 வந்தது. பெட்டியை ஏற்றினோம். இம்முறை ஜாக்கியை நம்பவில்லை. சந்து காலியாக இருந்த இரவில், முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு செங்கல்லை வைத்து ரிவர்சில் ஏற்றிப் பார்த்தோம். ஏறியது. மூன்றாவது கியரைத் தாராதலா வரை ஓட்டிப் பார்த்தோம். வீணாய்ப் போன எண்ணெய், காஸ்கெட், முதல் தட்டுகள் எல்லாம் சேர்ந்து நாலாயிரத்துச் சொச்சம் என் கணக்கில் போயிற்று. காக்கு வேண்டாம் என்றுதான் சொன்னார். கார் படுத்திருந்த ஆறு வாரத்தில் காக்கிமா டாக்சியிலும் ஆட்டோவிலுமாகப் பன்னிரண்டு முறை போய் வந்திருந்தார். அந்தக் கணக்கை நான் எப்படித் தீர்ப்பது?

திருகு அளவியை ஆய்வுக்கூடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பழைய வளையத்தை நோட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டதற்குக் காக்கிமா இசையவில்லை. அது இன்றும் கெட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது.